ஐஸில் வைத்த மருந்து

கோட்டைக்குப்பம்,
12-1-1981

மதிப்புள்ள சகலை தருமலிங்கம் அவர்களுக்குக் கேசவன் எழுதுவது.

கடிதம் என்றால் முதல் வரியில் 'இங்கு நலம்' என்று போட வேண்டுமாம். பொய்யில் ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் போடவில்லை. உங்கள் நலத்தையும் கேட்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிற வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், வண்ணாரப்பேட்டையில் குழாய்த் தண்ணீர். உங்களுக்கு என்ன கேடு. அண்ணி லோகநாயகிக்கு என் வணக்கம்.

நான் ஊருக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது. விரையில் கட்டி, புற்றுநோய் என்று ஒரு பக்கத்தை அறுத்து எடுத்தீர்கள். பிறகு நோய் திரும்பாமலிருக்க இருபது நாள் வயிற்றில் கரண்ட் வைத்தீர்கள். புண் ஆறிவிட்டது. போன வாரத்திலிருந்து ஏரிக்குப் போகிறேன். என்னோடு வலை இழுக்கிற சுப்பனை உங்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்காரன். "ஆஸ்பத்திரி சோறு துன்னு ஒடம்பு வச்சிட்டபா" என்கிறான். அந்தக் கஞ்சியைத் தின்று ஒருத்தனுக்கு உடம்பு வைக்கும் என்று நினைக்கிற அறிவோடுதான் நான் நாளெல்லாம் படகில் இருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு டாக்டர், "இனிமே பழையபடி இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எதெதெல்லாம் பழையபடி? பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு பேச்சை முழுதாகப் பேசக் கூடாது என்று சட்டமா? நேரம் இருந்தால் கேட்டு எழுதவும். அவசரமில்லை.

உங்கள் கொழுந்தியாள் காந்தாவும் குழந்தை வசந்தாவும் இருக்கிறார்கள்.

கேசவன்


(தபால் கார்டு)
வண்ணாரப்பேட்டை,
21-1-1981

தம்பி கேசவனுக்கு ஆசிகள். நாங்கள் இங்கே சௌக்கியம். உன் சந்தேகத்தை டாக்டரிடம் கேட்டேன். பாரம் தூக்கலாம், வலை இழுக்கலாம், குடும்ப வாழ்க்கைக்கும் தடையில்லை என்றார். அதில் கஷ்டம் ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொன்னார். இந்த வைத்தியத்துக்குப் பிறகு ஆண்கள் சிலருக்கு அது வருவதுதானாம். அடுத்த செக்கப்புக்குக் காந்தாவையும் கூட்டி வரச் சொன்னார். உன் அண்ணி கருவாடு கேட்கிறாள்.

தருமலிங்கம்


கோட்டைக்குப்பம்,
2-2-1981

புத்திசாலி சகலைக்கு வணக்கம். உங்கள் சௌக்கியம் எங்கள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் தபால்காரர் கார்டைப் படிக்காமல் கொடுத்தால் பாவம் என்று நினைக்கிறவர். இறால் எடை போடுகிற இடத்தில், பத்துப் பேர் நடுவில் நின்று உரக்கப் படித்தார். 'குடும்ப வாழ்க்கைக்கும் தடையில்லை.' சுப்பன் தராசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா கேசவா, கவருமெண்டு பர்மிட்டு குடுத்துட்ச்சா?" என்றான். இன்னும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. இனி எழுதினால் இன்லண்ட் லெட்டரில் எழுதவும். ஓரமெல்லாம் ஒட்டி அனுப்பவும். இதைக்கூட ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கேட்டீர்களே, சொல்கிறேன். கஷ்டம் இருக்கிறது. வந்த நாளிலிருந்து ஒன்றும் இல்லை. ஆசையும் இல்லை, உடம்பும் எழவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தேன். செத்த மீனைத் தட்டி எழுப்புகிற வேலை. மூன்றாம் தடவைக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு வயசு முப்பத்தாறு. அந்தக் கட்டியோடு செத்திருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

படித்ததும் கிழித்துப் போடவும். அண்ணிக்குத் தெரியக் கூடாது. கருவாடு அடுத்த மாசம்.

கேசவன்


வண்ணாரப்பேட்டை,
15-2-1981

தம்பிக்கு ஆசிகள். ஒட்டித்தான் அனுப்புகிறேன். கார்டில் எழுதியது என் தப்பு. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

டாக்டரிடம் பெயர் சொல்லாமல் பேச்செடுத்தேன். "உன் சகலையா?" என்று உடனே கேட்டுவிட்டார். அவர் சொன்னதை எழுதுகிறேன். ஒரு விரை போனாலும் மற்றது வேலை செய்யும், பலருக்கு ஒரு குறையும் வராது. சிலருக்கு மிச்சமிருப்பதும் சோர்ந்து, ஆணுக்கு வேண்டிய ஹார்மோன் குறைந்துவிடுமாம். அப்போது ஆசை போகும், அசதி வரும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். ரத்தத்தில் பார்த்தால் தெரியும். குறைவாக இருந்தால் ஊசி இருக்கிறது.

அதோடு பயமும் சேர்ந்துகொள்ளும் என்றார். இரண்டு முறை முடியாமல் போனவன் மூன்றாம் முறை பயந்துகொண்டே போகிறான், அந்தப் பயமே அவனைக் கெடுக்கிறது. அதற்கு ஊசி கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேச வேண்டும், அவசரமில்லாமல் பக்கத்தில் இருந்து பழக வேண்டுமாம். இந்த வியாதி ஒட்டாது, அவளுக்கு ஒன்றும் வராது, அதையும் சொல்லிவிடு என்றார்.

எரிச்சல் என்று அவர் சொன்னபோது உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. கோபித்துக்கொள்ளாதே. காந்தாவைக் கூட்டிக்கொண்டு வா.

தருமலிங்கம்


கோட்டைக்குப்பம்,
9-3-1981

சகலைக்கு வணக்கம். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, இறால் நன்றாகப் படுகிறது. இந்த ஊரில் நலமாக இருப்பது இறால் ஒன்றுதான்.

மனம்விட்டுப் பேச வேண்டுமாம். உங்கள் டாக்டர் எங்கள் வீடு ஒன்றையாவது பார்த்திருக்கிறாரா? ஒரே அறை, நடுவில் குழந்தை, சுவருக்கு அந்தப் பக்கம் சுப்பன் இருமுவது இங்கே கேட்கும். இதில் எங்கே உட்கார்ந்து என்ன பேசுவது? நான் உதவாதவனாகிவிட்டேன் என்று தண்டோரா போடச் சொல்கிறாரா?

நான் பொன்னேரிக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மாசத்தின் முதல் ஞாயிறு ஒரு வைத்தியர் வருகிறார். ஐந்து தலைமுறை அனுபவம் என்று போர்டு. வராந்தாவில் இருபது ஆண்கள். எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காட்டூர்ப் பக்கத்து நெல்காரர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார், பெரிய மீசை. பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னைப் பார்த்து அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வைத்தியர் நாடி பிடித்தார். ஆபரேஷனை நான் சொல்லவில்லை, கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "சின்ன வயசுல நெறைய வீணாக்கிட்ட நைனா" என்றார். நாடியைப் பிடித்து என் சின்ன வயசு வரைக்கும் போனவருக்கு ஆறு மாசத்துக்கு முன்னால் கத்தி போன இடம் தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் நீட்டிய லேகியத்தை வாங்கினேன். ஏமாற்று என்று தெரிந்தே வாங்கினேன், அதுதான் கேவலம். மூன்று நாள் தின்றேன், மூன்று நாளும் பேதி. மிச்சத்தை நண்டுக்குப் போட்டேன். நண்டு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது படகில்தான் படுக்கை. வலை களவு போகிறது, காவல் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதங்களை வீட்டிலேயே யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருக்கிறேன், கவலை வேண்டாம்.

கேசவன்


வண்ணாரப்பேட்டை,
20-3-1981

தம்பிக்கு ஆசிகள். பேதி நின்றதா? இளநீர் குடி.

காந்தாவைக் கூட்டி வா என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். முடியாது என்றுகூட நீ பதில் எழுதவில்லை. அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறாய். சரி, தனியாகவாவது வா. ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றோடு. ரத்தம் எடுப்பார்கள். வராவிட்டால் நானே பஸ் ஏறி வந்து இறால் எடை போடுகிற இடத்தில் நின்று கூப்பிடுவேன்.

தருமலிங்கம்


வண்ணாரப்பேட்டை,
4-5-1981

தம்பிக்கு ஆசிகள். ரத்த ரிசல்ட் வந்துவிட்டது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இதைப் படித்து உனக்குத் துக்கமாக இருக்கும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது அல்லவா. டாக்டர், "மனைவி வரலியா?" என்று கேட்டபோது "அவளுக்கு ஜோலி கீது" என்று எழுந்துவிட்டாய். அவர் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி எழுதியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் இது கிடைக்காது. மூன்று குப்பி வாங்கி, இறால் ஏற்ற வருகிற ஐஸ் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பழவேற்காட்டில் மக்பூல் பாய் கம்பவுண்டரிடம் போட்டுக்கொள். என் பழைய சிநேகிதர், வாய் திறக்க மாட்டார். உடனே எதுவும் நடந்துவிடாது, மூன்று நாலு ஊசியாவது ஆக வேண்டும். விலை அதிகமான மருந்து, பத்திரமாக வை.

தருமலிங்கம்


கோட்டைக்குப்பம்,
19-5-1981

பெருமைக்குரிய ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தருக்கு,

மருந்து வந்தது. கத்திரி வெயிலில் அந்த டிரைவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான், மடையன். ஐஸ் லாரியிலேயே வந்த சரக்கை ஐஸில் வைக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பத்திரமாக வைக்கச் சொன்னீர்களே, வைத்தேன். வெள்ளை இறாலுக்கு வைக்கிற மாதிரி கீழே ஐஸ், மேலே ஐஸ், நடுவில் உங்கள் மூன்று குப்பி, அதன் மேல் ஈரச் சாக்கு. மக்பூல் பாய் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் இரண்டு நாள் அப்படியே இருந்தது. சனிக்கிழமை எடுத்துப் பார்க்கிறேன், எண்ணெய் மாதிரி இருந்ததில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடக்கிறது. ஐஸில் வைத்தே கெட்டுப்போன சரக்கு என்றால் வரும்போதே கெட்டதுதான். இறாலின் தலையைப் பார்த்தே எத்தனை நாள் சரக்கு என்று சொல்கிறவன் நான். என்னிடமே தள்ளிவிட்டார்களா, இல்லை உங்களை ஏமாற்றினார்களா? வீட்டுப் பின்னால் கிடந்த கிழிசல் வலைமேல் வீசி எறிந்தேன்.

இத்தோடு போதும். ஒரு முடிவு செய்துவிட்டேன். காந்தாவை ஆரம்பாக்கத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறேன். அவளுக்கு இருபத்தெட்டு வயசுதான். எங்கள் ஆட்களில் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறு கட்டிக்கொள்வது உண்டு. அழுதுகொண்டு போனால் திரும்பி வருவாள், வெறுத்துப் போனால் வர மாட்டாள். அதனால் ஒரு மாசமாக எதற்கெடுத்தாலும் அவளைத் திட்டுகிறேன். அவள் வைக்கிற குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்கிறேன். நல்ல குழம்பு.

ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று ஆடி மாசம் சீட்டுப் போடுவோம். அதைப் பாடு என்போம். பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவனுக்குத்தான் அந்தச் சீட்டில் பெயர். அவள் போன பிறகு என் பெயரை அடித்துவிடச் சொல்லி நானே பஞ்சாயத்தில் சொல்லிவிடுவேன். சுப்பன் சிரிக்கட்டும். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

கேசவன்


வண்ணாரப்பேட்டை,
24-5-1981

கேசவா, சௌக்கியம் விசாரிக்க நேரமில்லை.

அதை ஐஸில் வைக்கச் சொன்னது யார்? அது எண்ணெயில் கலந்த மருந்து. மார்கழியில் தேங்காயெண்ணெய் கட்டிதட்டிப் போகிறது, கெட்டா போகிறது? குளிரில் அப்படித்தான் பூக்கும். கையில் சற்று நேரம் வைத்திருந்தால் கரைந்து தெளிந்துவிடும், மருந்துக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொன்னார். பத்திரமாக வை என்று எழுதிய நான்தான் முட்டாள். மீன் பிடிக்கிறவனுக்குப் பத்திரம் என்றால் ஐஸ் என்று எனக்குத் தோன்றவில்லை.

போய்த் தேடி எடு. காந்தாவை அனுப்பாதே. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

தருமலிங்கம்


வண்ணாரப்பேட்டை,
3-7-1981

தம்பிக்கு ஆசிகள். ஆறு வாரமாகிறது, பதில் இல்லை. ஆரம்பாக்கத்துக்கு எழுதிக் கேட்டேன், காந்தா அங்கே வரவில்லை என்றார்கள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கார்டு போடு. இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். தபால்காரர் படித்துவிட்டுப் போகட்டும்.

தருமலிங்கம்


கோட்டைக்குப்பம்,
10-9-1981

மாமாவுக்குக் காந்தா எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். அக்காவுக்கும் சொல்லவும். அவர் சங்கதியைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் சங்கதி.

உங்கள் கடிதம் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். யாரும் பார்க்காத இடத்தில் ஒளித்துவைத்தார் உங்கள் சகலை. எங்கே தெரியுமா? கிழிசல் வலைக்கு அடியில். இந்த வீட்டில் கிழிசல் வலையை உட்கார்ந்து தைக்கிறவள் யார்? பத்து வருஷமாக நான்தான். தைக்க அவர் கை போனதே இல்லை; எனக்குத்தான் சில மாசமாக மனசு வராமல் அந்த வலை அப்படியே கிடந்தது. இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் எனக்கு வேறு புருஷன் தேடித்தரக் கிளம்பினார்.

அவர் எதையோ வீசி எறிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனேன். மூன்று கண்ணாடிக் குப்பி வலையில் விழுந்து உடையாமல் கிடந்தன. எடுத்தால் ஜில்லென்று இருந்தது. இதென்ன கண்றாவி என்று உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன கிடக்கிறது என்று வலையைப் புரட்டினேன். கடிதங்கள் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துக் கையைத் திறந்தபோது அந்த உப்பு இல்லை, எண்ணெயாகத் தெளிந்திருந்தது. அவருக்கு அந்தப் பத்து நிமிஷப் பொறுமை கிடையாது.

மாமா, அன்றைக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கு வேறு எவளோ இருக்கிறாள் என்று மாசக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சந்தேகப்பட்டுப் படகுக்கே போய்ப் பார்த்தேன். தனியாகக் குந்திக்கொண்டு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். நான் தலை வாரினால் எழுந்து போகிறாரே, என் கை பட்டால் உதறுகிறாரே, என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பத்து நாள் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். 'காந்தாவை அனுப்பாதே' என்ற உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று, குழந்தையைச் சுப்பன் பெண்டாட்டி மணியம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குப்பிகளை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உனக்கு எதுக்கு?" என்று எகிறினார்.

"ஒன் ஒருத்தன் சமாச்சாரமா இது? இத்தினி மாசமா நீயும் மாமாவும் எழுதிக்கினு இருந்தீங்களே, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

"பக்கத்துல வந்து குந்துன்னு சொல்லியிருப்பேன்."

எழுந்து வாசல் வரைக்கும் போனார். அப்புறம் வந்து குந்தினார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது என்றார். அதைச் சொல்லும்போது அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் நானே மக்பூல் பாயிடம் கூட்டிப் போனேன். ஊசிக்குப் பயந்து பல்லைக் கடித்தார், ஏரியில் திருக்கை மீன் குத்தியபோது அசையாதவர். உங்கள் மூன்று குப்பியும் முடிந்த பிறகு, நீங்கள் லீவில் இருந்த நாளாகப் பார்த்து இருவரும் டாக்டரிடம் போய் அடுத்த மூன்று குப்பி வாங்கி வந்தோம், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். காந்தாவைக் கூட்டி வா, கூட்டி வா என்று அவருக்கே எழுதினீர்கள். காந்தா, நீ வா என்று எனக்கு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லை. நான் ஏழாவது வரை படித்தவள். உங்கள் கடைசி இரண்டு கடிதங்களும் என் கையில்தான் கிடைத்தன. நீங்களும் கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் பதில் போடவில்லை.

டாக்டர் என்னிடம் நன்றாகப் பேசினார். ரத்தம் முன்னைவிடத் தேவலையாம். செக்கப்பை மட்டும் விடக் கூடாதாம். அந்த ஒன்று நடந்தால்தான் குடும்பம் என்று இல்லை, தொடுவதும் கூட இருப்பதும் அதில் சேர்த்திதான் என்றார். இதைச் சொல்ல அவ்வளவு படிக்க வேண்டுமா? என்னைக் கேட்டிருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பேன்.

இதுவரை ஆறு ஊசி ஆகியிருக்கிறது. சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் இல்லை. இல்லாத நாளில் முன்போல எழுந்து ஓடுவதில்லை. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு டாக்டரை, உங்களை, சுப்பனை, அந்த லாட்ஜ் வைத்தியரை வரிசையாகத் திட்டுகிறார். கேட்டுக்கொண்டே நான் தூங்கிவிடுவேன். ஆடிச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. நல்ல இடமாகத்தான் விழுந்தது, அதையும் குறை சொன்னார்.

அடுத்த குப்பிகளை நானே பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன். டப்பா மேல் என் பெயரை எழுதி வையுங்கள்.

காந்தா

சகலைக்கு, இவள் எழுதியதில் பாதி பொய். மிச்சப் பாதியை அண்ணியிடம் காட்ட வேண்டாம். ஊசிக்குப் பயந்தேன் என்பது சுத்தப் பொய். கருவாடு இவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கு நலம்.

கேசவன்